கைராசியை விடுங்கள், விதையின் வயதைக் கேளுங்கள்

பார்ஸ்லி விதைத்து இரண்டு வாரமாகியும் மண்ணின் மேல் ஒரு பச்சைப் புள்ளிகூடத் தெரியவில்லை என்றால், வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தொட்டி மண்ணைக் கிளறிவிட்டு அதிலேயே ஒரு பிடி வெந்தயத்தைத் தூவிவிடுகிறார்கள். வெந்தயம் மூன்று நான்கு நாளில் தலைகாட்டும், மனசும் ஆறிவிடும். ‘நமக்குக் கைராசி கிடையாது’ என்ற தீர்ப்பும் அன்றே எழுதப்பட்டுவிடும். அநியாயமான தீர்ப்பு அது. கிளறிய மண்ணுக்குள் அந்த விதைகள் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்திருக்கலாம். இல்லையென்றால், கடை வாசலில் கொக்கியில் தொங்கிய நாட்களிலேயே அவை உயிரை விட்டிருக்கலாம். முதலாவது நடந்திருந்தால் பொறுமை போதவில்லை. இரண்டாவது நடந்திருந்தால், காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்திருக்கிறார். இந்த இரண்டாவதைப் பற்றித் தோட்டம் போடுகிறவர்களும் பேசுவதில்லை, விதை விற்பவர்களும் பேசுவதில்லை, அரசும் பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பார்ஸ்லி மத்தியதரைக் கடலோரத்துச் செடி. கொத்தமல்லிக்கு நெருங்கிய சொந்தம். கேரட், சீரகம், சோம்பு, ஓமம் எல்லாமே அதே குடும்பத்தவை. நம் வயல் வரப்புகளில் படரும் வல்லாரையும் அந்தக் குடும்பம்தான். பார்ஸ்லியில் மூன்று வகைகள் முக்கியமானவை: இலை சுருண்டு சுருண்டு இருப்பது, கொத்தமல்லி போலவே தட்டை இலை கொண்டது, வேருக்காக ஜெர்மனி, போலந்து பக்கம் வளர்க்கப்படுவது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய தமிழர்களுக்குத் தட்டை இலைப் பார்ஸ்லியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லெபனான்காரர்களின் தபூலேயை அவர்கள் அங்கே உணவகங்களில் பார்த்திருப்பார்கள். பார்ஸ்லியைப் பொடிப்பொடியாக நறுக்கி, புதினா, தக்காளி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், ஊறவைத்த கோதுமை ரவை சேர்த்துப் பிசிறிய கலவை அது. அதில் கோதுமை கொஞ்சம்தான், கீரைதான் பிரதானம். கொத்தமல்லியின் மணத்தை எதிர்பார்த்து வாயில் போடுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இதன் மணம் அடக்கமானது, கொஞ்சம் மிளகுக் காரமும் புல்வாசனையும் கலந்தது. ரசத்தில் கிள்ளிப் போட இது சரிப்படாது; அதற்குக் கொத்தமல்லிதான்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பார்ஸ்லியைப் பயிரிட்டுப் பெரிய ஓட்டல்களுக்கு அனுப்புகிறார்கள். நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் சின்னக் கட்டாக, பிளாஸ்டிக் உறைக்குள் வாடிக் கிடக்கும். கொத்தமல்லியோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு. அதனால்தான் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இதன் பக்கம் திரும்புகிறார்கள். திரும்புவதில் நியாயமும் இருக்கிறது. கொத்தமல்லியை ஒரு முறை பறித்தால் கதை முடிந்தது. பார்ஸ்லி இரண்டு வருடச் செடி. வெளித்தண்டுகளை மட்டும் ஒடித்துக்கொண்டே இருந்தால் நடுக்குருத்து விட்டுக்கொண்டே இருக்கும். நல்ல பருவத்தில் விதைத்த மூன்று நான்கு செடிகள் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் போதும். இவ்வளவு பலன் தரும் செடிக்கு நுழைவாயில் மட்டும் குறுகல்: விதை முளைக்க வேண்டும்.

அது தாமதமாக முளைக்கும் என்பது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம். இங்கிலாந்தின் கிராமத்துத் தோட்டங்களில் இதைச் சுற்றி ஒரு கதை மூட்டையே உண்டு. பார்ஸ்லி விதை வெளியே தலைகாட்டுமுன் ஏழு முறை சாத்தானிடம் போய்வரும் என்பார்கள். சில வட்டாரங்களில் ஒன்பது முறை. புனித வெள்ளியன்று விதைத்தால் சாத்தான் தொட முடியாது என்று அந்த நாளுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. மனைவியின் கை ஓங்கிய வீட்டில்தான் பார்ஸ்லி தழைக்கும் என்று ஒரு பேச்சு. கெட்டவர்கள் கையில்தான் நன்றாக வரும் என்று இன்னொரு பேச்சு. அதற்கும் வெகு முன்பே, கிரேக்கர்கள் பார்ஸ்லியையோ அதன் உடன்பிறப்பான செலரியையோ சாவுச் சடங்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் திமோலியன் என்ற தளபதியின் படை போருக்குப் போகும் வழியில், அந்தக் கீரையைச் சுமந்துவந்த கோவேறு கழுதைகள் எதிர்ப்பட்டன. கல்லறையில் வைக்கும் செடி கண்ணில் பட்டதே, சகுனம் சரியில்லை என்று வீரர்கள் கலங்கினார்கள். விளையாட்டில் வென்றவர்களுக்குச் சூட்டுவதும் இந்தச் செடிதானே என்று சொல்லி, திமோலியன் அதையே பறித்துத் தலையில் சூடிக்கொண்டாராம். புளூட்டார்க் எழுதிவைத்த சம்பவம் இது. அந்தப் போரில் திமோலியன் வென்றார்.

இங்கிலாந்துக் கதைகளையும் நம் ஊர்க் கைராசியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். விதை முளைக்கவில்லை என்றால் குற்றம் விதைத்தவர் தலையில் ஏறுகிறது. அவர் கெட்டவராகவோ, ராசியில்லாதவராகவோ, நாள் பார்க்காதவராகவோ ஆகிவிடுகிறார். விதையை யாரும் விசாரிப்பதில்லை.

விசாரித்தால் விஷயம் தெளிவாகவே இருக்கிறது. ஊறிய அவரைப் பருப்பை இரண்டாகப் பிளந்தால் குட்டி வேரும் மடிந்த இலைகளும் தயாராக உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கரு வெளியே வர ஈரம் மட்டும் போதும். பார்ஸ்லி விதைக்குள் அப்படி இல்லை. விதையின் பெரும்பகுதி உணவுச் சேமிப்பு. கரு அதன் ஒரு முனையில் மிகச் சிறியதாக, முழுதாக வளராமலேயே கிடக்கிறது. செடியிலிருந்து விதை உதிரும்போதும் அது குறைமாதப் பிள்ளைதான். ஈரம் கிடைத்ததும் அது உடனே வெளியே வராது. உள்ளிருக்கும் உணவைத் தின்று விதைக்குள்ளேயே வளர்ந்து முடித்த பிறகுதான் தோலைக் கிழிக்கும். கேரட், செலரி விதைகளும் இப்படித்தான். போதாக்குறைக்கு, விதையில் முளைப்பைத் தடுக்கும் கூமரின் வகைச் சேர்மங்களும் உண்டு. தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மாற்றிக் கழுவினால் அவற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடும். தோட்டக்காரர்கள் இந்த விதையை இரவு முழுக்க ஊறவைப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் இருக்கிறது.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் விதை ஆய்வாளராக இருந்த ஜேம்ஸ் ஹாரிங்டன், காய்கறி விதைகள் எந்த மண் வெப்பத்தில் எத்தனை நாளில் முளைக்கின்றன என்று அட்டவணை போட்டார். இன்றும் உலகமெங்கும் விதைப் புத்தகங்கள் அதைத்தான் எடுத்தாள்கின்றன. மண் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் பார்ஸ்லிக்கு 29 நாள். 15 டிகிரியில் 17 நாள். 20 டிகிரியில் 14 நாள். 25 டிகிரியில் 13 நாள். அதே 20 டிகிரியில் முள்ளங்கிக்கு 4 நாள் போதும். மண் அளவுக்கு மீறிச் சூடானால் பார்ஸ்லி முளைப்பது கடினம். ஹாரிங்டனின் எண்கள் சோதனைச் சாலையில், நல்ல விதைக்குக் கிடைத்தவை. வீட்டுத் தொட்டியில், ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் நனைந்தும் கிடக்கும் மண்ணில், மூன்று வாரம் சாதாரணம். ஐந்து வாரம் ஆனாலும் வியப்பில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, கோடையில் போட்ட விதை ஏன் வரவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விதையின் ஆயுளைப் பற்றியும் அதே ஹாரிங்டன் சொன்ன ஒரு விதி இருக்கிறது. சுருக்கமான விதி, ஆனால் கடைக்காரர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. விதையின் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். விதை இருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அப்போதும் இரட்டிப்பாகும். தலைகீழாகப் படித்தால் நம் நிலைமை புரியும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும் அதிகம், வெயிலும் அதிகம். கடை முகப்பில், வெயில் படும் இடத்தில், காகித உறையிலோ மெல்லிய பிளாஸ்டிக் உறையிலோ தொங்கும் விதை ஒவ்வொரு வாரமும் தன் ஆயுளைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. தக்காளி, வெள்ளரி போன்றவற்றுக்கு நான்கைந்து வருட ஆயுள் உண்டு, அவை பிழைத்துக்கொள்ளும். பார்ஸ்லி விதைக்கு நல்ல பராமரிப்பிலேயே ஒன்றிரண்டு வருடம்தான். ஒரே கொக்கியில் தொங்கும் இரண்டு உறைகளில் ஒன்றில் உயிர் இருக்கும், மற்றதில் இருக்காது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறிய பிறகு, ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்க் காய்கறிகளை மலையில் விளைவிக்க முனைந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஊட்டி தாவரவியல் பூங்காவின் தொடக்கமே, 1840களில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் மலிவாகக் காய்கறி கிடைக்கட்டும் என்று சந்தா போட்டு வைத்த தோட்டம்தான். 1848இல் லண்டன் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் மெக்ஐவர் வந்து பொறுப்பேற்றார். காய்கறித் தோட்டம் பூங்காவானது. சென்னையில் 1835இலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய விதை வேண்டுமென்றால் அது கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில், உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் கிடந்து வரும் விதைக்கு என்ன ஆயுள் மிஞ்சும்? இப்போது விமானத்தில் ஒரே நாளில் விதை வந்துவிடுகிறது. வந்த பிறகு கிடங்கிலும் கடையிலும் எத்தனை மாதம் கிடக்கிறது என்பதை மட்டும் வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்கலாம். அமெரிக்காவில் 1939இல் கொண்டுவந்த கூட்டாட்சி விதைச் சட்டம் ஒவ்வொரு காய்கறி விதைக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறனை வரையறுக்கிறது. பார்ஸ்லிக்கு அது 60 சதவீதம். அதாவது நூறு விதைக்கு அறுபதாவது முளைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் முளைப்புச் சதவீதத்தையும் சோதித்த மாதத்தையும் உறையில் அச்சிட்டு, ‘தரத்துக்குக் குறைவு’ என்ற சொற்களையும் கண்ணுக்குத் தெரியும் அளவில் போட வேண்டும். வாங்குகிறவர் படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளலாம். ஐரோப்பிய நாடுகளில் சின்ன விதை உறைகளில்கூட எந்த ஆண்டில் அடைக்கப்பட்டது அல்லது கடைசியாகச் சோதிக்கப்பட்டது என்று குறிக்க வேண்டும்.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டமும் 1968ஆம் ஆண்டின் விதிகளும் முளைப்புத் திறன், தூய்மை, சோதித்த தேதி எல்லாம் சிட்டையில் இருக்க வேண்டும் என்கின்றன. நெல், பருத்தி விதை வாங்கும் விவசாயிக்கு அந்தச் சிட்டை பழக்கமானது. சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை என்று நிறம் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அந்தச் சட்டத்தின் பிடி அரசு அறிவிக்கை செய்த பயிர்களுக்கும் ரகங்களுக்கும்தான். அதற்கு வெளியே நிற்கும் வெளிநாட்டு மூலிகைகளுக்கு அது கைகொடுக்காது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் பொட்டலத்தில் மாதம், ஆண்டு போட வேண்டும் என்கின்றன. ஆனால் எடை போட்டு விற்கும் பொட்டலம் 10 கிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் அதற்கு விலக்கு. வீட்டுத் தோட்டத்துக்கு விற்கும் விதை உறை எத்தனை கிராம் இருக்கும்? பார்ஸ்லி விதை ஒரு கிராமில் அறுநூறுக்கும் மேல் இருக்கும். ஒன்றோ இரண்டோ கிராமுக்கு மேல் யாரும் வாங்குவதில்லை. 2004இல் புதிய விதை மசோதா ஒன்று மாநிலங்களவைக்கு வந்தது, அது சட்டமாகவில்லை. ஆக, சட்டத்தின் இரண்டு வலைக் கண்ணிகளுக்கும் நடுவில் நழுவிப் போகிறது இந்தச் சின்ன உறை.

பெரிய நிறுவனங்கள் உறையில் தேதி போடுகின்றன. அவற்றைப் பாராட்ட வேண்டும். குறை இருப்பது, பெரிய பையைப் பிரித்து ஐம்பது நூறு விதைகளாகச் சின்ன ஜிப் கவர்களில் அடைத்து, வண்ணப் படம் ஒட்டி விற்பவர்களிடம். இணைய விற்பனையில் இப்படிப்பட்ட உறைகள் ஏராளம். படத்தில் பார்ஸ்லி தளதளவென்று இருக்கும். விதை எந்த ஆண்டு அறுவடையானது, எப்போது சோதிக்கப்பட்டது, எத்தனை சதவீதம் முளைத்தது என்று ஒரு வரிகூட இருக்காது. வாங்கியவர் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, தன்னையே நொந்துகொண்டு, அடுத்த உறையை வாங்குவார். அந்த விற்பனையாளருக்கு இதைவிடச் சௌகரியமான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். உறையின் எடை எதுவானாலும் சோதித்த மாதமும் முளைப்புச் சதவீதமும் அச்சிட வேண்டும் என்ற ஒரே ஒரு விதி வந்தால் போதும். அச்சுச் செலவு ஒரு வரி மை. அந்த விதிக்காக டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுக்கிறது. அதில் விதை உறைகளும் உண்டு. அவற்றில் இந்த இரண்டு விவரங்களையும் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தால், மக்களே கடைகளிலும் அதைக் கேட்கத் தொடங்குவார்கள்.

கடைக்காரர் திருந்தும் வரை வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. மாவட்டங்களில் உள்ள அரசு விதைப் பரிசோதனை நிலையங்களில் சிறு கட்டணத்துக்கு விதையைச் சோதித்துத் தருவார்கள். ஆனால் ஒரு கிராம் உறைக்கு அது ஒத்துவராது. சமையலறையிலேயே செய்யலாம். டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, இருபது விதைகளை எண்ணி இடைவெளி விட்டு அடுக்கி, தாளை மடித்து மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெயில் படாத, குளுமையான இடம். பத்தாம் நாளிலிருந்து தினமும் பிரித்துப் பார்க்கலாம். விதையின் கூர்முனையில் வெள்ளை நூல்போல வேர் எட்டிப் பார்க்கும். மூன்று வாரத்தில் இருபதில் பன்னிரண்டு வந்தால் நல்ல விதை. நான்கைந்துதான் வந்தால் நெருக்கமாகத் தூவிக்கொள்ளலாம். ஒன்றும் வராவிட்டால் உறையைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்க வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. கெட்டுப்போன பால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கத் தயங்குகிறோமா?

இனி விதைப்பு. சமவெளியில் இதற்கு ஒரே பருவம்தான்: ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் தை, மாசியில் ஒடிக்கலாம். விதைத்ததிலிருந்து முதல் பறிப்புக்கு எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நாள் பிடிக்கும் என்பதால், மார்கழி கடைசியில் போட்டால் இலை திரளும்போது வெயில் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே வைப்பது அவசியம். ஒரு பெருமழை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதையை மண்ணோடு அடித்துக்கொண்டு போய்விடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. ஓசூரிலும் பெங்களூரிலும்கூட ஆண்டின் பெரும்பகுதி வளரும்.

தொட்டி ஒரு சாணுக்குக் குறையாத ஆழம் வேண்டும், ஏனென்றால் இது ஆணிவேர்ச் செடி. நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் வேர் ஒடிந்து முரண்டு பிடிக்கும். இருக்கும் இடத்திலேயே விதைப்பது உத்தமம். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, முதல் நாளே நன்றாக நனைத்துவிட வேண்டும். இரவு ஊறிய விதையைத் துணியில் வடித்து, ஒரு கைப்பிடி காய்ந்த மணலில் புரட்டிக்கொண்டால் விரலில் ஒட்டாமல் சீராக விழும். அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடக் கூடாது. மேலே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, சாக்கின் மேலேயே பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் விதைக்குமுன் மண் கீறலில் கொதிநீர் ஊற்றுவார்கள், சில்லிட்ட மண் சூடாகட்டும் என்று. நமக்கு வேண்டியது நேர்மாறு: மண் குளிர்ந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம்கூடக் காயக் கூடாது. வேர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஒரு நாள் காய்ந்தால்கூட அத்தோடு முடிந்துவிடலாம். தாமதத்தைவிட இந்த ஒரு நாள் காய்ச்சலில் செத்த பார்ஸ்லிகள்தான் அதிகம் இருக்கும்.

காத்திருக்கும் வாரங்களில் மண் வெறுமையாகத் தெரிவதுதான் மனசைச் சோதிக்கும். அதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. பார்ஸ்லி வரிசையிலேயே நாலு விரல் இடைவெளியில் ஒவ்வொரு முள்ளங்கி விதையைப் போட்டுவிடுவது. முள்ளங்கி நாலே நாளில் முளைத்து, வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டும். இறுகிய மேல்மண்ணையும் பிளந்துவிடும். பார்ஸ்லி தலைதூக்கி இடம் கேட்கும் நேரத்தில் முள்ளங்கியைக் கீரையாகப் பறித்துச் சமைத்துவிடலாம். இந்த ஏற்பாட்டில் சாக்கை மட்டும் மூன்றாம் நாளே எடுத்துவிட்டு, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கடைசியில் வெளியே வருவது பார்ஸ்லி மாதிரியே இருக்காது. இரண்டு மெல்லிய, நீண்ட விதையிலைகள், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், புல் முளைத்ததோ என்று சந்தேகப்படும்படி நிற்கும். களை என்று நினைத்து இந்தக் கட்டத்தில் பிடுங்கி எறிந்தவர்கள் பலர். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் விட்டால் அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று மடலாகப் பிரிந்த, ஓரம் பல் பல்லாக வெட்டிய குட்டி இலை ஒன்று விரியும். கிள்ளி முகர்ந்தால் மணம் சொல்லிவிடும். நெருக்கமாக வந்த நாற்றுகளைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிக் கலைக்க வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து அசையும். ஒரு செடிக்கு ஒரு சாண் இடம் தாராளம். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும்; பிற்பகல் வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டிவிடலாம்.

சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். 100 கிராம் பார்ஸ்லியில் வைட்டமின் கே 1,600 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் திடீரென்று கட்டுக்கட்டாகச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. கருவுற்ற பெண்கள் உணவில் தூவிச் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்ஸ்லி விதையையும் அதன் எண்ணெயையும் தொடவே கூடாது. அதிலுள்ள ஏப்பியோல் கருப்பையைப் பாதிக்கும்.

இந்தச் செடியில் விதை எடுத்து அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். மலைப்பகுதியில் முயன்று பார்க்கலாம். சமவெளியில் அது அரிது. பார்ஸ்லி பூக்க வேண்டுமென்றால் வளர்ந்த செடி பல வாரம் நல்ல குளிரில் இருந்தாக வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ அந்தக் குளிர் கிடைக்காது. கொத்தமல்லிக்கு மளிகைக் கடைத் தனியாவைத் தேய்த்து உடைத்துப் போட்டே ஒப்பேற்றிவிடலாம். பார்ஸ்லிக்கு அந்த வசதி இல்லை. வருடா வருடம் கடையைத்தான் நம்ப வேண்டும், அந்தச் சின்ன உறையைத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் உறையில் இருக்க வேண்டிய தேதி இவ்வளவு முக்கியமாகிறது. புரட்டாசிக் கடைசியில் விதைக் கடைக்குப் போகிறவர்கள் உறையைத் திருப்பிப் பார்த்து, சோதித்த மாதம் இல்லை என்றால் ‘எப்போ வந்த விதைங்க இது?’ என்று கேட்க வேண்டும். பதில் சரியாக வந்தால் வாங்கி, மிச்ச விதையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பதில் வரவில்லை என்றால் அந்த உறையை அந்தக் கொக்கியிலேயே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.